கூப்பிட்டால் பாதி

சடையனுக்குக் குப்பத்தில் வக்கீல் என்று பேர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடம் ஒதுங்காத மனுஷன். கோர்ட்டு எப்படி இருக்கும் என்று கேட்டால், செங்கல்பட்டில் சிவப்பாக ஒரு கட்டடம் பார்த்திருக்கிறேன், அதுவாகத்தான் இருக்கும் என்பான். ஆனாலும் வக்கீல்தான். முகத்துவாரத்தில் தூண்டில் இழுக்கும்போது அவனைப்போல ஒழுங்கு பார்க்கிறவன் கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரைக்கும் கிடையாது. முன்னே போகிற மரம் ஆமையாக நகர்ந்தாலும் இவன் தாண்ட மாட்டான். மரம் என்றால் கட்டுமரம். அதை முழுசாகச் சொல்லும் வழக்கம் குப்பத்தில் யாருக்கும் இல்லை.

ஒழுங்கு எதற்கு என்று கேட்டால் அந்த இடத்தைச் சொல்ல வேண்டும். குப்பத்துக்குக் கொஞ்சம் வடக்கே உப்பங்கழி கடலில் விழுகிறது. தண்ணீர் வற்றுகிற நேரத்தில் கழியிலிருந்து கலங்கல் தண்ணீர் இறாலையும் பொடிமீனையும் அள்ளிக்கொண்டு கடலுக்குள் ஓடும். கலங்கலும் நீலமும் ஒட்டுகிற ஓரத்தில் கொடுவாவும் பாரையும் வஞ்சிரமும் பந்திக்கு வந்தவர்கள் மாதிரி காத்திருக்கும். அந்த ஓரம் ஒரு வண்டிப்பாட்டை அகலம்கூட இருக்காது. அதில் பத்துப் பன்னிரண்டு மரம் தூண்டில் இழுத்தாக வேண்டும். அதனால் எல்லோரும் ஒருவன் பின் ஒருவனாக வடக்கே போவார்கள். கலங்கல் முடிகிற இடத்தில் கடல் பக்கமாகத் திரும்பி, வெளியே சுற்றிவந்து, வரிசையின் வாலில் மறுபடி சேருவார்கள். எவன் மரத்துக்கும் பின்னால் குறுக்கே போகக் கூடாது. அங்கே கண்ணுக்குத் தெரியாமல் அவனுடைய தூண்டில் கயிறு, தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு, ஓடிக்கொண்டிருக்கும்.

எவனுக்காவது மீன் அடித்துவிட்டால் மற்றவர்கள் நரம்பைச் சுருட்டிக்கொண்டு விலகி வழிவிட வேண்டும். கிட்டே போகக் கூடாது, உதவிக்கும் போகக் கூடாது. அவனாகக் கூப்பிட்டால் மட்டும் போகலாம். அப்படிக் கூப்பிட்டதும் போனவனுக்கு மீனில் பாதி. ஒரு காலத்தில் எவனுக்கோ மீன் அடித்தால் நாலு பேர் பாய்ந்துபோய் நரம்பில் கை வைத்துவிட்டு, நானும் இழுத்தேன், பாதி கொடு என்று கத்தியைத் தூக்கியிருக்கிறார்கள். அதற்காகப் போட்ட நியாயம் இது. நல்ல நியாயம்தான். மனுஷ மனசின் அழுக்குத் தெரிந்தவன் போட்டிருக்கிறான். அந்த அழுக்கு நியாயத்துக்குள்ளும் புகுந்து உட்காரும் என்று அவன் யோசித்திருக்க மாட்டான்.

சடையனும் ஆதியிலிருந்தே வக்கீல் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன்தான் குப்பத்திலேயே பெரிய அவசரக்குடுக்கை. ஒருநாள் வரிசை சுற்றிவரப் பொறுமையில்லாமல் ஜம்புலிங்கத்தின் மரத்துக்குப் பின்னால் குறுக்கே விட்டுவிட்டான். ஜம்புலிங்கம் வேறு யாருமில்லை, இவன் தங்கை செங்கம்மாளின் புருஷன். அவன் நரம்பில் அந்நேரம் பார்த்து ஒரு வஞ்சிரம் மாட்டியிருந்தது. இவன் மரம் உரசியதில் நரம்பு அறுந்தது, மீன் போயிற்று. மைத்துனனும் மச்சானும் நடுக்கடலில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்ட வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பஞ்சாயத்தில் சடையன், தண்ணீர் ஓட்டம் தள்ளிவிட்டது என்றான். நாட்டார் நரசிம்மன் குப்பத்துக்குத் தலைவர், எதற்கும் அசராத ஆள்.

"தண்ணி தள்ளுச்சி, சரி. கையில இன்னா வச்சிருந்த, கரண்டியா? துடுப்பு இருந்துச்சில்ல?" என்றார்.

ஊர் சிரித்தது. ஊர் முன்னால் ஜம்புலிங்கத்தின் காலில் விழ வேண்டும் என்று தீர்ப்பு ஆயிற்று. தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டில், தன்னைவிட வயதில் சின்னவன் காலில். சடையன் விழுந்தான். ஜம்புலிங்கம் அப்போதே கையைக் கொடுத்துத் தூக்கியிருந்தால் எல்லாம் அங்கேயே தீர்ந்திருக்கும். அவனுக்கும் தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை.

"எல்லாரும் கேட்டுக்குங்க. இனிமே கடல்ல எனக்கு இன்னா ஆனாலும் சரி, இவன என் வாயால கூப்புட மாட்டேன்" என்றான்.

"கூப்புடாத எடத்துக்கு நானும் வர்றவன் இல்ல" என்றான் சடையன், வாயிலிருந்த மணலைத் துப்பிவிட்டு.

அன்றைக்குப் பிடித்ததுதான் இந்த ஒழுங்குப் பைத்தியம். எவனும் இனி தன்னை ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று வைராக்கியம். கடலில் ஆரம்பித்தது கரைக்கும் ஏறிவிட்டது. கல்யாணம், காதுகுத்து, எதுவானாலும் முறைப்படி வந்து அழைக்காவிட்டால் போக மாட்டான். தங்கை மகள் பொன்னி வயதுக்கு வந்தபோது ஜம்புலிங்கம் அழைக்க வரவில்லை. செங்கம்மாள்தான் வந்தாள். கேளம்பாக்கம் சந்தையில் மீன் விற்றுவிட்டு, கூடையைக்கூட இறக்காமல் அண்ணன் வாசலில் நின்று அழுதாள்.

"தாய்மாமன் வராம சடங்கு நடக்குமா? ஊரு சிரிக்காதா? நான் கூப்புட்டது கூப்புட்டது இல்லியா அண்ணாத்த?"

"ஒன் புருஷன் வந்து கூப்புடட்டும். வர்றேன்."

ஜம்புலிங்கம் வரவில்லை. தாய்மாமன் சீர் இல்லாமலே அந்தப் பெண்ணுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். சடையன் அன்று முழுக்க வீட்டுக்குள் குப்புறப் படுத்துக் கிடந்தான். அவனுக்கும் வலித்தது. ஆனால் நியாயம் தன் பக்கம் இருக்கிறது என்ற நினைப்பு அந்த வலிக்கு நன்றாகத்தான் ஒத்தடம் கொடுத்தது.

நடந்தது எமர்ஜென்சிக் காலத்துத் தை மாதத்தில். அமாவாசையை ஒட்டிய நாள் என்பதால் தண்ணீர் ஓட்டத்தின் வேகத்தைக் கேட்க வேண்டியதில்லை. விடிந்ததும் மரங்கள் வரிசை கட்டின. முன்னால் சின்னராசு, நடுவில் மற்றவர்கள், கடைசிக்கு முந்தி ஜம்புலிங்கம், கடைசியில் சடையன். மச்சானுக்குப் பின்னால் போவது சடையனுக்குப் பிடிக்காதுதான். ஆனால் வரிசை அப்படி அமைந்துவிட்டது. வரிசையை மாற்றுகிற ஆளா அவன்? வழக்கத்தைவிட இன்னும் கொஞ்சம் இடைவெளி விட்டே துடுப்பு வலித்தான்.

காலையில் எல்லோருக்கும் ஒன்றிரண்டு மீன் கிடைத்தது. வெயில் ஏறுகிற நேரத்தில் ஓட்டம் தளர்ந்து, கலங்கல் ஓரம் கலைய ஆரம்பித்தது. தண்ணீர் திரும்பப் போகிறது என்று அர்த்தம். திரும்பிவிட்டால் அங்கே யாரும் நிற்க மாட்டார்கள். முகத்துவாரத்துக்கு நேரே ஒரு மணல்திட்டு இருக்கிறது. கடல் கழிக்குள் ஏற ஆரம்பித்தால் கிடைத்ததையெல்லாம் அந்தத் திட்டின்மேல் இழுத்துக்கொண்டு போய்ப் போடும். பெரிய அலைகள் உடைவதும் அங்கேதான். சின்னராசு நரம்பைச் சுருட்டிக்கொண்டு, "போலாம்பா, போலாம்" என்று குரல் கொடுத்தான். ஒவ்வொன்றாக மரங்கள் தெற்கே குப்பத்தைப் பார்த்துத் திரும்பின.

அந்நேரம் பார்த்து ஜம்புலிங்கத்துக்கு அடித்தது.

அடித்தது பாரை. துள்ளியபோது சடையன் பார்த்தான், அவ்வளவு பெரிய பாரையை அவன் அந்த ஓரத்தில் கண்டதில்லை. வாயில் தானாக எச்சில் ஊறியது. உடனே நரம்பைச் சுருட்டினான், துடுப்பைப் பின்னுக்குப் போட்டு ஒதுங்கினான். எல்லாம் முறைப்படி. அதன் பிறகு அவன் தெற்கே போயிருக்கலாம். போகவில்லை. மீனுக்கு ஆசைப்பட்டு நின்றான் என்று சொன்னால் அது பொய். மச்சான் திணறுகிறதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும் போலிருந்தது. அதுதான் நிஜம்.

ஜம்புலிங்கம் நரம்பைக் கணுக்காலில் சுருக்குப் போட்டுக்கொள்கிற பழக்கக்காரன். இரண்டு கையும் துடுப்புக்கு வேண்டுமே. அவன் அப்பன் காலத்துப் பருத்திக் கயிறாக இருந்தால் இந்த மீனுக்கு அறுந்து தொலைந்திருக்கும். தங்கூஸ் லேசில் அறாது, சதையைத்தான் அறுக்கும். பாரை அவன் காலை இழுத்துக்கொண்டு கழிவாயைப் பார்த்து ஓடியது. தண்ணீரும் அந்நேரம் திரும்பிவிட்டது. மீன் ஒரு பக்கம், ஓட்டம் ஒரு பக்கம் என்று இல்லாமல் இரண்டும் சேர்ந்துகொண்டு மரத்தைத் திட்டுப் பக்கம் கொண்டு போயின.

முதல் அலை அவன்மேல் ஏறி இறங்கியதில் துடுப்பும் கத்தியும் போய்விட்டன. மரக்கட்டைகளுக்கு இடையில் அவன் கத்தியைத் தேடித் துழாவுகிறதைச் சடையன் பார்த்தான். தேடிவிட்டு ஜம்புலிங்கம் தலையைத் தூக்கி இவனைப் பார்த்தான். வேறு ஒரு மரமும் பக்கத்தில் இல்லை. இரண்டு பேருக்கும் நடுவில் குரல் எட்டுகிற தூரம்தான். பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

சடையன் துடுப்பை மடியில் வைத்துக்கொண்டான். 'கூப்புடட்டும்' என்று மனசுக்குள் சொன்னான். 'நான் ரெடியா கீறேன். கூப்புடட்டும்.'

இரண்டாவது அலையில் மரத்தின் தலைக்கட்டுக் கயிறு அவிழ்ந்தது. ஜம்புலிங்கம் மண்டியிட்டபடி இரண்டு கையாலும் கட்டைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான். கால் ஒன்று பின்னால் நீண்டு நரம்போடு இழுபட்டது. மறுபடி இவனைப் பார்த்தான். இந்த முறை தலையைத் திருப்பவில்லை.

"மச்சான்!"

இரண்டு வருஷமாகச் சடையன் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கிடந்தான். தூக்கத்தில்கூட அதைக் கேட்டிருக்கிறான். சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊர் முன்னால் தின்ற மணல் அந்த நிமிஷம்தான் வாயை விட்டுப் போனது. துடுப்பைக் கையில் எடுத்தான். எடுத்தவன் தண்ணீரில் போடவில்லை. 'இன்னொரு தபா கூப்புடட்டும்' என்று தோன்றியது. காதில் சரியாக விழவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். பேரைச் சொல்லிக் கூப்பிடட்டும், அதுதானே முறை. எல்லாமே ஒரு பீடி பற்றவைக்கிற நேரம்தான்.

"சடையன் மச்சான்! மச்சான்!"

இது குரல் இல்லை, அலறல். அப்போதுதான் சடையனுக்கு உடம்பு தூக்கிவாரிப் போட்டது. அய்யோ என்று வாய்விட்டுக் கத்திக்கொண்டு துடுப்பைக் குத்தினான். அவன் வலித்த வலிப்பில் கைச்சதை பிய்ந்துவிடும் போலிருந்தது. "தோ வந்துட்டேன் மாப்ள, புடிச்சிக்க, வந்துகினே கீறேன்" என்று கத்திக்கொண்டே போனான். கிட்டே போய்ச் சேருவதற்குள் மூன்றாவது அலை வந்தது. அதற்குமுன் வந்த இரண்டும் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. கட்டுகள் அத்தனையும் அவிழ்ந்து கட்டைகள் தனித்தனியாக எழுந்து விழுந்தன. எந்தக் கட்டை ஜம்புலிங்கத்தின் பின்மண்டையில் அடித்தது என்று யாருக்குத் தெரியும்.

சடையன் தன் மரத்தை விட்டுக் குதித்தான். முங்கித் தேடி மயிரைப் பிடித்துத் தூக்கினான். காலிலிருந்த நரம்பைத் தன் கத்தியால் அறுத்தான். எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. அதற்குள், குப்பத்தில் கரையேறியிருந்த சின்னராசுவும் மற்றவர்களும் கரையோடு ஓடிவந்துவிட்டார்கள். அவர்கள் கண்ணில் பட்டது, உடைகிற அலைக்குள் மச்சானைத் தோளில் போட்டுக்கொண்டு தத்தளிக்கிற சடையன்தான்.

மணலில் கிடத்தி வயிற்றை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது, மூச்சு வரவில்லை. செங்கம்மாள் சந்தைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், கூடையை எறிந்துவிட்டு ஓடிவந்தாள். அவள் போட்ட சத்தம் குப்பத்துக்குக் கேட்டிருக்கும். கொஞ்ச நேரத்தில், ஏறுகிற தண்ணீர் மிச்சக் கட்டைகளையும் திட்டுக்கு இந்தப் பக்கம் கொண்டுவந்து ஒதுக்கியது. நரம்பு கட்டைகளில் சிக்கிக் கிடந்தது. மறுமுனையில் பாரை இருந்தது. உயிர் இன்னும் போகவில்லை. பத்து வயசுப் பிள்ளை உயரம், செவுள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதை அடிக்கக்கூடப் போகவில்லை.

பிணத்தை எடுப்பதற்கு முன்னால் மீனுக்கு ஒரு முடிவு சொல்லியாக வேண்டும். கடலில் செத்தவன் கடைசியாகப் பிடித்ததில் பாக்கி வைத்து அனுப்பக் கூடாது என்று குப்பத்தில் ஒரு வழக்கம். ஊர் கூடியது. நாட்டார் நரசிம்மன் தொண்டையைச் செருமினார்.

"சடையா, கேக்கறேன்னு தப்பா நெனைக்காத. கேட்டுத்தான் ஆவணும். ஜம்புலிங்கம் ஒன்னக் கூப்ட்டானா?"

புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செங்கம்மாள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். அண்ணனைப் பார்த்தாள்.

கூப்பிட்டான் என்று சொன்னால் பாதி மீன் இவனுடையது. அது கிடக்கட்டும். கூப்பிட்டான் என்றால் அடுத்த கேள்வி, கூப்பிட்டதும் போனாயா என்று வரும். கூப்பிட்டான் என்றால் தங்கைக்கு ஒரு ஆறுதலும் கிடைக்கும். சாகிற நேரத்திலாவது அவள் புருஷன் மனசு மாறி அவள் அண்ணனைக் கூப்பிட்டான் என்ற ஆறுதல். அவளுக்கு மிச்சம் இருக்கிற ஒரே நல்ல சேதி அது. சடையன் அதை நன்றாக யோசித்துப் பார்த்தான். யோசித்துப் பார்த்துவிட்டுத்தான் சொன்னான்.

"கூப்புடல."

"பின்ன?"

"கூப்புடாமயே போனேன்."

சின்னராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மனுஷன்னா இவன் மனுஷன்யா. வக்கீலு வக்கீலுன்னு கேலி பண்ணமே" என்றான். பெண்கள் சடையனைப் பார்த்துக் கும்பிட்டார்கள். நாட்டார்கூட எழுந்து வந்து அவன் தோளைத் தட்டினார். கூப்பிடாமல் போனது முறை தப்பியதுதான், ஆனால் இந்தத் தப்பை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடும் என்றார். மீன் முழுசும் செங்கம்மாளுக்கு என்று தீர்ப்பு ஆயிற்று. சடையன் தலையைக் குனிந்துகொண்டான், அதையும் அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். செங்கம்மாள் மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிணத்தை எடுத்துக்கொண்டு போய் எல்லாம் முடிந்து, ஆண்கள் கடலில் தலைமுழுகிவிட்டுத் திரும்பும்போது பொழுது சாய ஆரம்பித்திருந்தது. சடையன் ஈரத்துணியோடு தங்கை வீட்டை நோக்கி நடந்தான். இரண்டு வருஷத்தில் முதல்முறை. வழியில் எல்லோரும் அவனிடம் இரண்டு வார்த்தை நல்லதாகப் பேசினார்கள்.

வாசலில் பெண்கள் கூட்டம் நின்றது. சாவு வீட்டில் அடுப்பே எரியக் கூடாது. செங்கம்மாள் வாசலில் பாரையைப் போட்டு வெட்டுக்கத்தியால் நடுமுதுகில் வெட்டிக்கொண்டிருந்தாள். பொன்னி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அண்ணன் வந்து நின்றதும் செங்கம்மாள் கத்தியைக் கீழே வைத்தாள். மீன் இரண்டாகக் கிடந்தது.

"இன்னாம்மா இது?" என்றான் சடையன்.

"அண்ணாத்த, ஒன்னு கேக்கறேன். பொறந்ததுலேர்ந்து ஒன்னப் பாக்கறேன். இந்த ரெண்டு வருசத்துல கூப்புடாத எடத்துக்கு நீ ஒரு தபா போயிருக்கியா? நான் இந்தக் கையால கும்புட்டு ஒன் வூட்டு வாசல்ல நின்னேன். எம் பொண்ணுக்குத் தண்ணி ஊத்தினப்ப வந்தியா?"

சடையன் வெட்டிக் கிடந்த மீனைப் பார்த்தான்.

"கூப்புடாம நீ வர மாட்ட. அவர் கூப்ட்டுருக்காரு. வாய் தொறந்து கூப்ட்டுருக்காரு." அவள் குரல் அங்கே உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். "எத்தினி தபா கூப்ட்டாரு?"

பொய் சொல்ல அவனுக்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருந்தது. அதற்கு உடம்பில் தெம்பு இல்லை.

"ரெண்டு தபா."

"மொத தபா கூப்ட்டப்ப இன்னா பண்ணிகினு இருந்த?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. குனிந்து தலைப்பக்கத்துப் பாதியை இரண்டு கையாலும் தூக்கி அவன் நெஞ்சில் வைத்தாள். அவன் கை தானாக அதைத் தாங்கிக்கொண்டது.

"கூப்ட்டா பாதி. அதான ஒங்க நாயம். எடுத்துகினு போ."

"செங்கம்மா..."

"போ. நடுத்தெருவோட போ. எல்லாரும் பாக்கட்டும்."

சடையன் திரும்பி நடந்தான். பாதி மீனின் ரத்தமும் ஐஸ் இல்லாமல் கிடந்த வாடையும் அவன் ஈரத்துணியில் இறங்கின. தெருவில் சின்னராசு எதிரே வந்தான், ஏதோ சொல்ல வாயெடுத்தான். கையிலிருந்ததைப் பார்த்தான். கையில் பாதி மீன் என்றால் என்ன அர்த்தம் என்று அந்தக் குப்பத்தில் தெரியாதவர் யார்? சின்னராசு வாயை மூடிக்கொண்டு ஓரமாக ஒதுங்கினான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒதுங்கினார்கள். வலை காயப்போட்டுக்கொண்டிருந்தவர்களும் எழுந்து பின்வாங்கினார்கள். தெருக்கோடி வரைக்கும் ஒருவரும் கிட்டே வரவில்லை, ஒருவரும் கூப்பிடவில்லை. மீன் அடித்த மரத்துக்கு விடுகிற மாதிரி அவனுக்கு வழிவிட்டார்கள்.